இடப்பக்கம் திரும்பிய கட்டடம்

தாராபுரத்தில், உடுமலை சாலையின் ஓரத்தில், கட்டிய நாள் தொட்டு இருபத்திரண்டு வருடம் கிழக்கே பார்த்தபடி நின்றிருந்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்று, வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, மேலே டீ போய்க்கொண்டிருந்த நேரத்தில், மளுக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தன் இடப்பக்கமாக ஒரு சாண் திரும்பியது. வாசற்படிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த ஆரோக்கியம், படி நகர்வதைப் பார்த்துக்கொண்டே கையிலிருந்த டீயை ஆற்றி முடித்தார், கிளாஸை நீட்டவேண்டியவருக்கு நீட்டினார், பிறகு தன் பெஞ்சைத் தூக்கி, படி போன அதே ஒரு சாண் தூரத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

அந்தக் கட்டடத்தை ஊரில் நாங்கள் காத்தாடி ஆபீஸ் என்போம். கீழே மருந்துக்கடையும் ஜெராக்ஸ் கடையும் இருந்தாலும், மேலே இரண்டு மாடியிலும் காற்றாலைக் கம்பெனிதான் இருந்தது. ஊரைச் சுற்றிச் சோளக்காட்டிலும் ஆடுமாடு மேய்கிற கொறங்காட்டிலும் நிற்கிற முன்னூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகளும் எந்த நேரத்தில் எந்தத் திசையைப் பார்த்து நின்றன, எவ்வளவு வேகமாகச் சுற்றின, எது எப்போது நின்றுபோனது என்று நாள் முழுக்கக் கணினியில் ஏற்றுவதுதான் அங்கே வேலை. இரண்டாம் மாடியில், முன்பக்க ஜன்னலை ஒட்டிய மேசையில், பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் செய்துவந்தவள் சாந்தாமணி. வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கணினி நேர் எதிரில், காட்டிலிருந்து வரும் தாள்கள் வலப்பக்கம், ஜன்னல் இடப்பக்கம். தாளைப் பார்த்து, திரையைப் பார்த்து, எண்ணைத் தட்டி, மறுபடி தாளைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்து, மறுபடி எண்ணைத் தட்டி, இப்படியே பதினெட்டு வருடம் குனிந்து குனிந்து வலப்பக்கமே போய்வந்த அவள் கழுத்து, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது. இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு திரும்புவாள். ரோட்டைக் கடக்கும்போது பஸ் வருகிறதா என்று பார்க்க முழு உடம்போடு திரும்புவாள். சாயங்காலம் ஆனால் காதுக்குப் பின்னாலிருந்து தோள்பட்டை வரைக்கும் நனைத்து முறுக்கிய கயிற்றை உள்ளே வைத்துத் தைத்தது மாதிரி இழுக்கும்.

"முன்னூத்திப் பன்னெண்டு காத்தாடிக்கும் கழுத்து திரும்புது. அதை எழுதற நம்ம சாந்தாமணிக்குத்தான் திரும்ப மாட்டேங்குது" என்று ஆபீஸில் சொல்லுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், வலப்பக்கம் பார்த்து.

வலி தாங்காமல் ஒருநாள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருக்கும் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனாள். நூர்ஜகான் என்று பெயர். சின்ன வயசு, பெரிய கைகள். அந்தக் கைகளால் சாந்தாமணியின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, என்னத்தைங்க இதுக்குள்ள வச்சிருக்கீங்க, கருங்கல்லாட்ட இருக்குது?" என்று கேட்டாள். பிறகு அலமாரியிலிருந்து முழங்கை நீளத்துக்கு, மேலெல்லாம் மேடும் பள்ளமுமாக, பார்த்தால் மரக்கட்டை மாதிரியும் தூக்கினால் தலையணை மாதிரியும் இருந்த ஒரு நீல உருளையை எடுத்து வைத்தாள். ஃபோம் ரோலர் என்று அதற்குப் பெயர்.

"இதைக் கீழ போட்டு மேல படுத்து உருட்டோணும். ஆபீஸ்ல சேலையோட படுக்க முடியாதுன்னா, செவுத்துல வச்சுச் சாஞ்சுக்குங்க. கழுத்தெலும்பு மேல நேரா வச்சு அழுத்தவே கூடாது. தோளுக்குக் கீழ, முதுகு ஆரம்பிக்கிற எடத்துல வச்சு, முழங்காலை மெதுவா மடக்கி, மெதுவா நிமிருங்க. அதுவே உருளும். வலிக்கிற எடம் வந்தா அங்கயே நின்னு அஞ்சு மூச்சு விடுங்க. கை மரத்துப்போச்சுன்னா, தலை சுத்துச்சுன்னா நிறுத்திப்போட்டு எங்கிட்ட வாங்க. அவசரப்படக் கூடாது. பதினெட்டு வருசத்து முறுக்கு ஒரு நாள்ல போகாது."

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. சாந்தாமணியின் மேசைக்குப் பின்னால், அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரைக்கும் போகிற அகலமான தூண் ஒன்று உண்டு. எல்லோரும் டீ குடிக்க எழுந்தபோது அவள் உருளையைத் தூணுக்கும் தன் முதுகுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடி, முழங்காலை மடக்கி நிமிர்ந்தாள். வலிக்கிற இடம் வந்தது. நின்று ஐந்து மூச்சு விட்டாள். ஐந்தாவது மூச்சு வெளியே போகும்போது அவள் கழுத்துக்குள் ஏதோ ஒன்று இளகி இடப்பக்கம் ஒரு நூல் அளவு வழி விட்டது, அதே நேரத்தில் கட்டடமும் திரும்பியது.

மேனேஜர் ஜெகநாதன் காற்றாலையில் ஏறி இறங்கியே தலை நரைத்த இன்ஜினியர். அவர் ஜன்னல் வழியாக எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தார், நேற்று முழுதாகத் தெரிந்தது இன்று முக்கால்தான் தெரிந்தது, பாக்கெட்டிலிருந்து திசைகாட்டியை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், சாந்தாமணியிடம் வந்தார்.

"ரெண்டு டிகிரிங்க. காத்தாடி திரும்பினா எழுதறோமில்ல, கட்டடம் திரும்பினாலும் எழுதிக்குவோம். முன்னூத்திப் பதிமூணாவது வரிசையில போட்டுருங்க."

அவள் போட்டாள். இனிமேல் உருட்டலாமா கூடாதா என்று கேட்டதற்கு, "வலி குறையுதுங்களா?" என்று கேட்டார். குறைகிறது என்றாள். "அப்புறமென்ன" என்று போய்விட்டார்.

அப்படித் தினம் மூன்றரை மணிக்கு அவள் உருட்டினாள், தினம் மூன்றரை மணிக்குக் கட்டடம் ஒரு சாணோ ஒன்றரைச் சாணோ திரும்பியது, மூன்றாம் வாரத்துக்குள் எங்கள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. தண்ணீர்க்குழாய்க்காரர் இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு நீளமான ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்தார். மின்வாரியத்து லைன்மேன் கம்பத்திலிருந்து வரும் வயரைப் பத்தடி தாராளமாக விட்டுத் தொங்கவிட்டார். ஆரோக்கியம் காலையில் கடை போடும் முன் படி எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கே அடுப்பு வைத்தார். கூரியர்காரர்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "இன்னைக்கு வாசல் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள். கட்டிய நாளிலிருந்து வெயிலே படாத மூலையில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் பெண்ணின் மேசைக்கு ஆனி மாதம் பிறந்ததும் காலையில் இருபது நிமிடம் வெயில் வந்தது. அவள் செவ்வாய், வெள்ளியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஆபீஸுக்கு வந்து அங்கேயே உலர்த்திக்கொண்டாள். ஆபீஸில் மற்றவர்களும் ரோலரை வாங்கி உருட்டிப் பார்த்தார்கள். அவர்கள் வலியும் குறைந்தது. ஆனால் அவர்கள் உருட்டும்போது கட்டடம் திரும்பவில்லை, முதுகு சொறிந்துவிட்டால் மாடு முனகுமே அப்படி மெல்ல முனகிவிட்டு நின்றுகொண்டது.

கட்டடத்தின் சொந்தக்காரர் தெய்வசிகாமணிக்குத்தான் இது பொறுக்கவில்லை. கட்டடத்தின் முகம் மெயின் ரோட்டைவிட்டு வடக்கே, கல்யாண மண்டபத்துச் சுற்றுச்சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். வாஸ்துக்காரர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "முதல்ல இதை ஒரு எடத்துல நிக்கச் சொல்லுங்க, அப்புறமா நான் வர்றனுங்க" என்று செருப்பை மாட்டினார். நகராட்சியிலிருந்து அளக்க வந்தவர், தான் வரும்போது கட்டடம் வடக்கு நோக்கியும், போகும்போது சற்றே கூடுதலாக வடக்கு நோக்கியும் இருந்ததாகக் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசியில் தெய்வசிகாமணி மூச்சிரைக்க மாடி ஏறி வந்து சாந்தாமணியின் முன்னால் நின்றார்.

"ஏனம்மிணி, உன்ற கழுத்து வலிக்கு எங்கட்டடத்தையா திருப்புவ?"

"நான் திருப்பலீங்கய்யா. நான் எங்கழுத்தைத்தான் திருப்பறன்."

"நிறுத்திப்போடு."

அவள் மெல்ல இடப்பக்கம் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். அரைப் பங்கு திரும்பியிருந்தது கழுத்து. தெய்வசிகாமணி அவளைப் பதினெட்டு வருடமாகப் பார்ப்பவர். நாற்காலி அசையாமல் அவள் தலை மட்டும் திரும்பியதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். "சரி, பாத்துப் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

ஆனி பாதியில் கட்டடத்தின் முகம் வடக்கைத் தாண்டி மேற்கே திரும்பத் தொடங்கியது. மேற்கே இருப்பது பாவடித் தெரு. அந்தத் தெருவில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஆறு லைன் வீடுகள். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆறு வீட்டுக்காரர்களும் கண்டது இந்தக் கட்டடத்தின் முதுகைத்தான். ஜன்னல் ஒன்றுகூட இல்லாத, கக்கூஸ் குழாய்கள் மட்டும் மேலிருந்து கீழே இறங்குகிற, மூன்று மாடி உயரச் சுவர். இப்போது அந்தச் சுவர் மெதுவாக ஒதுங்கிப் போக, ஜன்னல்கள் வந்தன. முதலில் தெருப் பெண்கள் வெட்கப்பட்டு வாசலில் பழைய சேலையைக் கட்டி மறைத்தார்கள். பாத்திரம் கழுவுவதையும் தலை வாருவதையும் யாரோ மேலேயிருந்து பார்ப்பது பிடிக்கவில்லை. ஒரு வாரம் போனது. ஒருநாள் மேற்கே கருத்துக்கொண்டு வந்தபோது மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண், "அக்கோவ், மழை வருது, வத்தலை எடுங்க!" என்று கத்தினாள். வத்தல் தப்பியது. அன்று சாயங்காலமே இரண்டு வீட்டில் சேலையை அவிழ்த்துவிட்டார்கள். பிறகு ஜன்னலிலிருந்து கயிறு இறங்கியது, கயிற்றில் தூக்குப்போசி இறங்கியது, கீழேயிருந்து ரசம் மேலே போனது, மேலேயிருந்து பழைய செய்தித்தாள் கீழே வந்தது.

ஐந்து வீட்டுச் சேலையும் அவிழ்ந்துவிட்டது. ஆறாவது வீட்டில், தெற்குக் கடைசியில், சேலை கட்டவே இல்லை. கதவையே சாத்தி வைத்திருந்தார்கள். அது செல்வநாயகியின் வீடு. செல்வநாயகி சாந்தாமணியின் உடன்பிறந்த தங்கை.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏழு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம், காற்று உரத்து வீசுகிற நாள், காற்றாலைகள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிற நாள். சாந்தாமணியோடு இருந்த அவர்கள் அம்மா அன்று காலையில் சின்ன மகளைப் பார்க்கவென்று பாவடித் தெருவுக்கு வந்திருந்தார். பதினோரு மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். செல்வநாயகியின் புருஷன் மில்லில் ஷிப்டு. செல்வநாயகி அக்காளுக்குப் பதினோரு தடவை போன் அடித்தாள். எண்கள் தப்பாகிவிடக் கூடாதென்று சாந்தாமணி போனைச் சத்தமில்லாமல் செய்து மேசை இழுப்பறைக்குள் போட்டிருந்தாள். ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் முன்வாசலில் கூப்பிட நேரமில்லை. அம்மாவைத் தனியே விட்டுப் போகவும் முடியவில்லை. செல்வநாயகி தெருவில் இறங்கி, அந்த ஜன்னலில்லாத சுவருக்குக் கீழே நின்று, "அக்கா, அக்கா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தெருவுக்கே கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை.

பொழுதோட ஆறு மணிக்கு, வேலை முடிந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு சாந்தாமணி வந்து சேர்ந்தபோது அம்மாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். செல்வநாயகி அழவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "நூறு தப்படிக்கா. நூறு தப்படியில நீ உக்காந்திருந்த. செவுத்தப் பாத்துக் கத்தினேன் நானு. இனி எம்பக்கம் திரும்பிப் பாக்காத."

சாந்தாமணி பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பாவடித் தெருப் பக்கமே போகவில்லை. தங்கை சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுதான் இனித் தன்னால் அவளுக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம் என்று நினைத்திருந்தாள்.

அதனால்தான் ஆடி பிறந்து இரண்டாம் வாரம், கட்டடம் வடமேற்கையும் தாண்டிவிட்ட ஒரு மூன்றரை மணியில், கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியே பார்த்தபோது ஐந்தாவது வீட்டின் துளசிமாடம் தெரிந்ததும் அவள் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் ஒரு தடவை உருட்டினால் ஆறாவது வீட்டுக் கதவு தெரியும். அவள் ரோலரை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், எண்ணைத் தட்டினாள். மறுநாள் உருட்டவில்லை. அதற்கு மறுநாளும் உருட்டவில்லை. நான்காம் நாள் கயிறு பழையபடி காதுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டது. நாற்காலியோடு திரும்ப ஆரம்பித்தாள்.

கட்டடம் நின்ற இடமோ மகா மோசமான இடம். கல்யாண மண்டபத்துக்கும் பாவடித் தெருவுக்கும் நடுவில் ஓடுகிற திறந்த சாக்கடைக்கு நேர் மேலே வாசற்படி வந்து நின்றுகொண்டது. மருந்து வாங்க வந்தவர்கள் சாக்கடையைத் தாண்டிக் குதித்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்த பள்ளிக்கூடத்து டீச்சர் குதிக்கும்போது விடைத்தாள் கட்டைத் தவறவிட்டார். ஆரோக்கியம் சாக்கடையின் இந்தக் கரையில் அடுப்பும் அந்தக் கரையில் பெஞ்சுமாகக் கடை போட்டு, டீயை எட்டி எட்டி நீட்டினார். கை எட்டினால் பெஞ்சு, எட்டாவிட்டால் சாக்கடை. தினம் திரும்பிய கட்டடம் ஏன் நின்றது என்று எல்லோரும் கேட்டார்கள், ஆனால் பாவடித் தெருக்காரர்கள் மட்டும் கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரியும்.

ஒருத்தர் பின் ஒருத்தராக மாடி ஏறினார்கள். ஜெகநாதன், "முன்னூத்திப் பதிமூணுல நாலு நாளா ஒரே ரீடிங்குங்க. ரிப்பேரான்னு கேக்கறாங்க" என்றார். நூர்ஜகான் மாடி இறங்கி மாடி ஏறி வந்து தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மறுபடி கல்லாக்கிட்டீங்களேக்கா" என்று வருத்தப்பட்டாள். தெய்வசிகாமணியே சாக்கடையைத் தாண்டிக் குதித்து, வேட்டியில் சேறோடு வந்து நின்றார். "நிறுத்துன்னு சொன்னது நாந்தான் அம்மிணி. இப்பச் சொல்றன், இன்னும் ஒரே ஒரு சாண். எந்தெருவைப் பாத்தாலும் சரி, தெருவைப் பாக்கட்டும்."

"வலி இல்லீங்கய்யா இப்ப" என்றாள் சாந்தாமணி, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். எல்லோருக்கும் அது பொய் என்று தெரிந்தது. யாரும் அவளை நெருக்கவில்லை. குதித்துக் குதித்து வந்தார்கள், குதித்துக் குதித்துப் போனார்கள்.

கதவைச் சாத்தி வைத்திருந்தாலும் செல்வநாயகி பார்க்காமல் இல்லை. அவள் வீட்டில் ஓவர்லாக் மிஷின் போட்டுத் திருப்பூர் பனியனுக்கு ஓரம் அடிக்கிறவள். கதவிடுக்கு வழியாகத் தினம் மூன்றரை மணிக்கு அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்; அந்த முதுகுச் சுவர் ஒதுங்கியதை, முதல் ஜன்னல் வந்ததை, இரண்டாவது வந்ததை, இரண்டாம் மாடியில் தலை குனிந்தபடி ஒரு நெற்றி தெரிந்ததை. திரும்பிப் பார்க்காதே என்று தான் சொன்ன சொல்லை ஒரு கட்டடமே மீறிக்கொண்டு வருகிறதே என்று முதலில் அவளுக்குக் கோபம். பிறகு மூன்று மணியானாலே கை மிஷினில் ஓடவில்லை. பிறகு அது நின்றுபோனது. ஒருநாள் நின்றது, இரண்டு நாள் நின்றது, எட்டு நாள் நின்றது. எட்டாம் நாள் மூன்றரை மணிக்கு, தைத்துக்கொண்டிருந்த பனியனை மிஷினிலேயே விட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு, செருப்பில்லாமல் தெருவில் இறங்கி, சாக்கடை ஓரம் வரைக்கும் வந்து, அவள் மேலே பார்த்துக் கத்தினாள்.

"அக்கா!"

இந்தத் தடவை அவளுக்கு மேலே இருந்தது ஜன்னல். ஆரோக்கியம் பால் பொங்குவதையும் மறந்து நிமிர்ந்தார். மருந்துக்கடையில் மருந்து கேட்டவர்களும் கொடுத்தவர்களும் வெளியே வந்தார்கள். இரண்டாம் மாடியில் ஒரு நாற்காலி திரும்பியது, முழு உடம்போடும் ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஏக்கா நிறுத்திட்ட?"

"நீதான... நீதான பாக்க வேண்டாம்னு..."

"சொன்னேன். ஏழு வருசத்துக்கு முன்னால சொன்னேன். அதுக்குன்னு இத்தனை தூரம் வந்துபோட்டு, சாக்கடையில கொண்டுபோய் நிறுத்துவியா? வர்றதா இருந்தா முழுசா வா. இல்லீன்னா பழையபடி முதுகைக் காட்டீட்டுப் போயிரு. இப்படி அரைகுறையா நின்னீன்னா எனக்கு வேலை ஓடமாட்டேங்குது."

சாந்தாமணி ஜன்னலைவிட்டு வந்தாள். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ரோலரை எடுத்தாள். டைப்பிஸ்ட் பெண் வந்து அதைத் தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சாந்தாமணி சாய்ந்தாள், கண்ணை மூடினாள், முழங்காலை மடக்கினாள், நிமிர்ந்தாள், மடக்கினாள், நிமிர்ந்தாள். வலிக்கிற இடம் வந்தது. நின்றாள். முதல் மூச்சில் ஒன்றுமில்லை. இரண்டாம் மூச்சில் ஒன்றுமில்லை. மூன்றிலும் நான்கிலும் ஒன்றுமில்லை. கீழே தெருவே தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஐந்தாவது மூச்சு விடும்போது அது மூச்சாக வரவில்லை, ஏழு வருடமாக ஆபீஸ் வீடு எங்கேயும் அழாத அழுகையாக வந்தது, அப்போது கட்டடம் அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரைக்கும் ஒரு தடவை சோம்பல் முறித்துவிட்டு, ஒரு சாண் அல்ல, பதினைந்தடி, ஒரே வீச்சாகத் திரும்பி, வாசற்படியைப் பாவடித் தெருவின் மண்ணில் கொண்டுவந்து வைத்தது. அதற்குப் பிறகு அது திரும்பவே இல்லை. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. மெயின் ரோட்டுக்காரர்களுக்கு இப்போது அதன் முதுகு. தெய்வசிகாமணி கொத்தனாரை விட்டு அந்தப் பக்கம் ஆறு ஜன்னல் வைத்துக்கொடுத்தார்.

சாந்தாமணி படி இறங்கி வந்தாள். கையில் ரோலரை விடாமல் பிடித்திருந்தாள், வைத்துவிட்டு வர மறந்துவிட்டாள். அக்காளும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள். அக்காள் தங்கையின் வலப்பக்கமாக வந்து நின்றாள், தங்கை தலையை மட்டும் திருப்பாமல் முழு உடம்போடு அவள் பக்கம் திரும்பினாள்.

சாந்தாமணிக்கு அது புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"உனக்கும் திரும்பாதா?"

"அஞ்சு வருசமாச்சு. துணி இடப்பக்கம் கிடக்கும், லைட்டும் இடப்பக்கம். அக்கட்டால பாத்துப் பாத்து இக்கட்டால திரும்பறதில்ல" என்றாள் செல்வநாயகி. பிறகு குரல் இறங்கி, "ராத்திரி வலிக்குதுக்கா" என்றாள்.

"வா உள்ள."

வீட்டுக்காரி சொல்லவேண்டியதை அக்காள் சொன்னாள், தங்கை பின்னாலேயே போனாள். மிஷினுக்குப் பின்னாலிருந்த சுவரில் சாந்தாமணி ரோலரை வைத்துக் காட்டினாள். எலும்பு மேல கூடாது, இங்க, தோளுக்குக் கீழ, மெதுவா, அவசரமே படாத, கை மரத்துப்போனா சொல்லு என்று நூர்ஜகான் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னாள். அப்போது வாசலில் சத்தம் கேட்டது. மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றிருந்தார்கள்.

"சாந்தாமணி, சித்தப் பொறு. ஒரே செவுரு நம்ம ஆறு வீட்டுக்கும். திரும்புச்சுன்னா எல்லாமுந்தான் திரும்பும்" என்றாள் இரண்டாம் வீட்டு ருக்மிணி.

"வேண்டாங்களா?"

"யாரு வேண்டாம்னா? அடுப்புல பருப்பு வெந்துட்டிருக்குது, எறக்கி வச்சுட்டு வந்தர்றோம்."

போனார்கள். பருப்பை இறக்கினார்கள், கண்ணாடிச் சாமான்களை மூட்டையாகக் கட்டினார்கள், தூங்கிய குழந்தையை எழுப்பி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள், சாமிப் படத்தைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள், தெருவில் வரிசையாக வந்து நின்றுகொண்டு, "ம், பண்ணுங்க" என்றார்கள்.

செல்வநாயகி சாய்ந்தாள், முழங்காலை மடக்கி நிமிர்ந்தாள். "இங்கதான், இங்கதான்" என்றாள். "நில்லு. மூச்சு விடு" என்று சாந்தாமணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சுகளை எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

வீடு அசையவில்லை. ஒரு ஓடுகூட நகரவில்லை. தெருவில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். குழந்தை மறுபடி தூங்கிவிட்டது.

"நம்ம வீடு சரியாத்தான் நிக்குதாட்ட இருக்குது" என்றாள் ருக்மிணி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. சாமிப் படத்தை மாட்டவும் பருப்பை மறுபடி ஏற்றவும் அவரவர் உள்ளே போனார்கள்.

செல்வநாயகி சுவரோடு சாய்ந்தபடியே கண்ணை மூடி நின்றிருந்தாள். பிறகு தோளை அசைக்காமல், இடுப்பை அசைக்காமல், கனமான கதவு ஒன்றை உள்ளிருந்து தள்ளுவது போல, தலையை மட்டும் மெல்ல மெல்ல வலப்பக்கம் திருப்பினாள். ஒரு கை தூரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், அக்காளின் முகம் இருந்தது. அவள் அதை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தாள், அவசரப்படாமல் பார்த்தாள். கையைத் தூக்கி சாந்தாமணியின் காதுக்கு மேலே இருந்த முடியை விரலால் ஒதுக்கினாள்.

"ஏக்கா, இந்தப் பக்கம் பூராம் நரைச்சுப் போச்சே. ஒருத்தரும் சொல்லலியா உங்கிட்ட?"

"யாரு இருக்கா கண்ணு சொல்றதுக்கு" என்றாள் சாந்தாமணி.

செல்வநாயகி முடியைவிட்டு விரலை எடுக்கவே இல்லை. "உக்காரு" என்றாள். "எத்தனைன்னு பாக்கறன்."